அபர்தாரன்: வேல்ஸ் நாட்டின் கடற்கரைச் சிற்றூர் ஒன்று

பிரித்தானியத் தீவின் படத்தை விரித்து அதன் மேற்குப் புறத்தை நோக்குவோர், வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையிலிருந்து ஐரிஷ் கடலுக்குள் நீண்டு செல்லும் நிலக்கூறு ஒன்றைக் காண்பர். நீட்டிய கை ஒன்றின் வடிவினதாய், ஏறத்தாழ 30 மைல் நீளமுடையதாய் விளங்கும் இத்தீபகற்பம் லீன் எனப்படும். அக்கையின் விரல் நுனியில், தென்மேற்கு நோக்கிய சிறு குடாவொன்றின் கரையில், அபர்தாரன் என்னும் ஊர் அமைந்துள்ளது. அதனோடு சேர்ந்த பண்ணைகளையும் குடியிருப்புக்களையும் கூட்டி எண்ணினும், 2011ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஆயிரவருக்குச் சற்றுக் குறைந்தோரே. இத்துணைச் சிறிய ஊர் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டுவது யாதுக்கு எனின், பதினைந்து நூற்றாண்டுகளாக வருவோரும் போவோருமாய் இருந்த இவ்வூரில் இன்று வருவோரின் இயல்பு மாறியுள்ளமையும், அம்மாற்றத்தால் ஊரின் மொழி நிலைக்குமா என்னும் வினா எழுந்துள்ளமையுமேயாம்.

முதற்கண் பெயரை நோக்குவாம். வேல்ஸ் மொழியில் 'அபர்' என்பது ஆறு கடலோடு அல்லது பிறிதோர் ஆற்றோடு கலக்கும் முகத்தைக் குறிக்கும். தாரன் என்னும் சிற்றாறு கடலிற் புகும் இடமாதலின் அபர்தாரன் ஆயிற்று. அவ்வாறே 'போர்த்' என்பது துறை. 'பென்' என்பது தலை அல்லது முனை. 'அனிஸ்' என்பது தீவு. இவ்வளவே அறிந்தவரும் அந்நாட்டுப் படத்தைப் படிக்கத் தொடங்கிவிடலாம். ஒலிப்புத்தான் கடினம். லீன் என்று யாம் எழுதுவது ஒருவாறு எழுதுவதே. அப்பெயரின் முதலெழுத்து, லகரத்துக்கு நாவை வைக்குமிடத்தில் வைத்து, குரலை எழுப்பாது, நாவின் பக்கங்களால் மூச்சை வெளிவிடுவதாற் பிறப்பது. நம் ழகரம் அயலார் நாவிற்கு எவ்வாறோ அவ்வாறே இவ்வொலி ஆங்கிலேயர் நாவிற்கும் அடங்காதது.

நிலம் மேடும் பள்ளமுமானது. தாழ்ந்த கல்வேலிகளும் மண்வரம்புகளும் சூழ்ந்த புல்வயல்களில் ஆடும் மாடும் மேயும். மேற்றிசைக் காற்று ஓயாது வீசுதலின் மரங்கள் உயர்ந்து வளரா. வளர்ந்தவையும் கிழக்கு நோக்கிச் சாய்ந்தே நிற்கும். அண்மையிலுள்ள நகரம் புல்ஹெலி. அதுவும் ஏறத்தாழ 15 மைல் தொலைவினது. புகைவண்டி 1867இல் அந்நகரம் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அயர்லாந்துக்குத் தபாற்கப்பல் செல்லும் துறைமுகத்தை இத்தீபகற்பத்தின் வடகரையிலுள்ள போர்த்தின்லைனில் அமைப்பதா, ஹோலிஹெட்டில் அமைப்பதா என்னும் வழக்கு எழுந்தது. ஒரே வாக்கால் லீன் தோற்றது என்பர். வென்றிருந்தால் இலண்டனிலிருந்து பெருஞ்சாலையும், பின்னர் இருப்புப்பாதையும் இந்நிலத்தினூடே ஓடியிருக்கும். அவற்றோடு பிறமொழியும் வந்திருக்கும். பொருள் வளத்தை இழப்பித்த அத்தோல்வியே மொழிக்கு அரணாயிற்று எனக் கருத இடமுண்டு.

ஊரின் மிகப் பழைய கட்டடம் புனித ஹவின் கோயில். உலகிற் கோயில்கள் பல கடலை நோக்கி நிற்கின்றன. இதுவோ கடலோரத்திலேயே நிற்கின்றது. அதன் கல்லறைத் தோட்டத்தை அலைகளிலிருந்து காக்க மதில் எழுப்பவேண்டியதாயிற்று. கடல் கொண்டுவிடும் என அஞ்சி 1841இல் உள்நாட்டில் வேறு கோயில் ஒன்று கட்டி மக்களை அங்கே செல்லுமாறு செய்தனர். மக்கள் மனம் அதிற் பொருந்தவில்லை. கால் நூற்றாண்டு கழிந்தபின் பழைய கோயிலையே பழுதுபார்த்து மீண்டனர். இன்றும் அது அங்கேதான் உளது. பன்னிரண்டாம் நூற்றாண்டு வாயில் ஒன்று அதன் மேற்புறத்திற் காணப்படும். உள்ளே இரு நடுகற்கள் உள்ளன. அண்மைக் குன்றடியிற் கண்டெடுக்கப்பட்டு, நெடுங்காலம் ஒரு செல்வர் மாளிகையில் இருந்து, பின்னர் இங்குக் கொண்டுவரப்பட்டவை. ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டின என்பர் அறிஞர். இரண்டும் இலத்தீன் எழுத்துப் பொறித்தவை; வெராசியஸ், சேனாகஸ் என்னும் குருமார் இருவரின் பெயர் தாங்கியவை. சேனாகஸ் சகோதரர் பலரோடு துயில்கின்றார் என அவர் கல் கூறுகின்றது. உரோமப் படை பிரித்தானியாவை விட்டு நீங்கியபின், அரசு என ஒன்று நிலைபெறாத காலத்தில், இக்கோடியில் எழுத்தறிந்த கூட்டமொன்று வாழ்ந்தமைக்கு இவை சான்றாம்.

இக்கோயிலோடு சேர்ந்த வரலாறுகளுள் ஒன்றை விரித்துரைத்தல் தகும். அக்காலத்தில் கோயிலுட் புகுந்தவனை எத்துணைப் பகைவனாயினும் பற்றியிழுத்தல் ஆகாது என்பது வழக்கு. வட வேல்ஸின் வேந்தனாகிய கிரிபித் அப் கனன் நோர்மானியரோடு பொருது இடருற்று 1094இல் அபர்தாரனை அடைந்தான். கோயிற் குருமாரின் படகிலேறி அயர்லாந்துக்குத் தப்பிச் சென்றான். ஆண்டுகள் பல சென்றன. வேந்தன் மீண்டு வந்து வலிமை பெற்று, ஆங்கிலேய மன்னன் முதலாம் ஹென்றியோடு நட்பும் பூண்டான். 1115இல், தென் வேல்ஸின் இளவரசன் கிரிபித் அப் ரீஸ் என்பான் இவ்வேந்தனிடம் அடைக்கலம் நாடி வந்தான். வந்தவனைப் பிடித்து ஹென்றியிடம் ஒப்புவிக்க வேந்தன் உடன்பட்டான். அதனை முன்னரே அறிந்த இளவரசன் ஓடிச்சென்று புகுந்த இடம் எது? அதே அபர்தாரன் கோயில். அவனை இழுத்து வருமாறு வேந்தன் ஆட்களை ஏவினான். குருமார் வாயிலில் நின்று தடுத்தனர். ஏவலர் வறிதே மீண்டனர். இளவரசன் இரவோடிரவாகத் தெற்கே சென்று உயிர் தப்பினான். தன்னைக் காத்த கோயிலிலிருந்து பிறனொருவனைப் பறிக்க முயன்ற வேந்தனின் நெஞ்சம் எத்தகையது என்பதை வரலாற்று நூல்கள் உரையாமல் விட்டன. அவ்விளவரசன் மணந்தது இவ்வேந்தனின் மகளாகிய குவென்லியனை என்பதை மட்டும் அவை கூறுகின்றன.

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்க்கும் இவ்வூர் அயலன்று. 1405ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஓவைன் கிளிந்தூர், எட்மன்ட் மோட்டிமர், நோதம்பலண்ட் கோமகன் ஆகிய மூவரும் இங்கிலாந்தையும் வேல்ஸையும் தமக்குள் மூன்றாகப் பங்கிட்டு எழுதிய உடன்படிக்கை, அபர்தாரனில் பாங்கர்த் தலைமைக்குரு ஒருவரின் இல்லத்திற் கைச்சாத்தானது என்பது மரபு. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடக முதற்பாகத்தில் படத்தை விரித்து நாட்டைப் பங்கிடும் காட்சி இதன் சாயலே. பதிப்பாசிரியர் அக்காட்சியைப் பாங்கர் நகரில் வைப்பர். நாடகத்திற் பங்குக்காக வாதிடும் ஹொட்ஸ்பர், உண்மையில் 1403இலேயே போரில் மாண்டவன். நாடகாசிரியருக்கு ஆண்டுக் கணக்குப் பொருட்டன்று.

ஊருக்கு இவ்வளவு சிறப்பும் வரக் காரணம், கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் நிற்கும் தீவு. வேல்ஸ் மக்கள் அதனை என்லி என்பர். ஆங்கிலேயர் நோர்ஸ் மொழிப்பெயர் வழியே பாட்சி என்பர். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியிலிருந்து வந்த காத்வன் என்னும் அடியார் அங்கே மடம் நிறுவினார் என்பது மரபு. இருபதினாயிரம் அடியார் அத்தீவில் அடக்கமாகியுள்ளனர் எனவும், மும்முறை அங்குச் செல்வது ஒருமுறை உரோமாபுரிக்குச் செல்வதற்கு ஒப்பு எனவும் மக்கள் நம்பினர். எண்ணிக்கையை எவரும் எண்ணிப் பார்த்திலர், நம்பிக்கையோ உண்மையானது. மடம் 1537இல் எட்டாம் ஹென்றி காலத்திற் கலைக்கப்பட்டது.

தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட நீரிணையிற் கடல்நீரோட்டம் மிகக் கடிது. காற்றும் ஓட்டமும் எதிர்த்தால் படகு செல்லாது. ஆதலின் யாத்திரிகர் நாட்கணக்கில் அபர்தாரனிற் காத்திருந்தனர். அவர்க்கு உணவளித்த 'பெரிய அடுக்களை' என்னும் பொருளுடைய இல்லம் ஆற்றருகே இருக்கின்றது. இன்று அது தேநீர்ச்சாலை. தீபகற்பத்தின் கடைமுனையில், பாறைப் பிளவொன்றில், மரியாள் கிணறு எனப்படும் நன்னீரூற்று உண்டு. வற்றுப்பெருக்கிற் பெருக்கு வந்ததும் கடல் அதனை மூடும்; வற்றியதும் ஊற்று மீண்டும் இனித்த நீர் தரும். கடல் கடக்குமுன் அந்நீரைப் பருகுவது யாத்திரிகர் வழக்கம். இன்று தீவுக்குச் செல்வோர் 'துறவியின் துறை' எனப் பொருள்படும் போர்த் மெய்துவியிற் படகேறுகின்றனர்.

மடம் அழிந்தபின்னும் தீவிற் குடிகள் இருந்தனர். 1821இல் சதுர வடிவான வெளிச்சவீடு ஒன்று கட்டப்பட்டது. 1881இல் 132 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவர்க்கு முடிசூட்டி 'என்லி அரசர்' என அழைப்பது வழக்கமாயிற்று. தீவின் உரிமையாளராகிய நியூபரோ பிரபு, துறைமுகம் வேண்டுமா, வழிபாட்டிடம் வேண்டுமா எனக் குடிகளைக் கேட்டதாகவும், அவர்கள் வழிபாட்டிடத்தையே வேண்டியதாகவும் ஒரு செய்தி வழங்குகின்றது. 1875இற் கட்டிய அச்சிற்றாலயம் இன்றும் உளது. துறைமுகம் இல்லாமையால், 1920களின் நடுப்பகுதியிற் கடைசி அரசர் லவ் பிரிச்சர்ட்டும் குடிகளிற் பலரும் தீவை விட்டுக் கரைசேர்ந்தனர். அவர்கள் தெரிந்ததைப் பிழையென்று கூற யாம் துணியோம். 1979இல் தீவை ஓர் அறநிலையம் விலைக்கு வாங்கிற்று. மனிதர் குறைந்த இடத்தைக் கடற்பறவைகள் நிறைத்துள்ளன.

அபர்தாரன் ஈன்ற மக்களுள் ஒருவரைக் குறியாது செல்லல் முறையன்று. 1780இல் அங்குத் தச்சர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த ரிச்சர்ட் ரொபர்ட் ஜோன்ஸ், டிக் அபர்தாரன் என ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டார். முறையான கல்வி பெற்றிலர். ஆயின் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலாகப் பதினான்கோ பதினைந்தோ மொழிகளைத் தாமே கற்றார் என்பர். நூல்களை ஆடையின் பைகளெல்லாம் திணித்துக்கொண்டு ஊரூராய் அலைந்தார். லிவர்பூல் நகரத்துப் புலவர் வில்லியம் ரொஸ்கோ அவரை ஆதரித்து, 1822இல் அவர் வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். வேல்ஸ், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழிக்கும் அகராதியொன்று தொகுத்தார். அச்சேறுவதைக் காணாமல் 1843இல் மறைந்தார். இத்துணை மொழிகளை அறிந்தவர் தம் தாய்மொழியில் அகராதியின் முதலிடத்தை வைத்தமை கருதத்தக்கது.

ஊரார் தொழில்களைச் சுருங்கக் கூறலாம். ஹெரிங் மீன் பிடித்தனர். புளிப்பேறிய நிலத்தைத் திருத்தச் சுண்ணாம்புக்கல்லைக் கப்பலில் வருவித்துக் கரையிலே சூளையிட்டனர். கிழக்கேயுள்ள ரிவ் மலைப்பகுதியில் 1827 முதல் மங்கனீசு அகழப்பட்டது. எஃகைக் கடினமாக்கப் பயன்படும் அத்தாது உலகப்போர்க் காலங்களிற் பெரிதும் வேண்டப்பட்டது. 1945இற் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று நண்டும் சிங்க இறாலும் பிடிப்போர் சிலர். ஆடுமாடு வளர்ப்போர் பலர். விருந்தினரை நம்பி வாழ்வோர் அவரினும் பலர்.

இனி மொழியை நோக்குவாம். 1891இல் வேல்ஸ் நாட்டில் நூற்றுக்கு 54 பேர் வேல்ஸ் மொழி பேசினர். 1961இல் அது 26 ஆயிற்று, 2021இல் 17.8. நாட்டளவில் இவ்வாறு தேய்ந்த மொழி, லீனைத் தன்னுட் கொண்ட குவினெத் பகுதியில் 2021இலும் நூற்றுக்கு 64 பேரால் பேசப்பட்டது. அபர்தாரனில் 2011இல் நான்கிலொரு பங்கினர் நீங்க ஏனையோர் அதனைப் பேசுவோரே. கடையிலும் கோயிலிலும் பள்ளி முற்றத்திலும் வழங்கும் மொழியாய் அது அங்கு இருந்து வருகின்றது. ஏட்டில் மட்டும் வாழும் மொழிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இந்நிலத்தில் மொழியுணர்ச்சி கிளர்ந்தெழுந்த நிகழ்ச்சி 1936இல் நடைபெற்றது. விமானப்படையினர் குண்டுவீச்சுப் பயிற்சிக்களம் ஒன்றை அமைக்க இங்கிலாந்தில் இடம் நாடினர். டோசெற்றில் அன்னங்களுக்கு ஊறு என்றும், நோதம்பலண்டில் கடற்பறவைகளுக்கு ஊறு என்றும் எதிர்ப்பு எழவே அவ்விடங்களைக் கைவிட்டனர். பின்னர் புல்ஹெலிக்கு அணித்தாய பெனிபெர்த்தைத் தெரிந்தனர். அங்கிருந்த பழைய இல்லம் என்லி யாத்திரிகர் தங்கிச் சென்ற இடம். வேல்ஸ் மக்களின் எதிர்ப்பு அன்னங்களுக்கிருந்த மதிப்பைப் பெறவில்லை, இல்லம் இடிக்கப்பட்டது. செப்டெம்பர் 8ஆம் நாள் விடியுமுன் சோண்டர்ஸ் லூயிஸ், டி. ஜே. வில்லியம்ஸ், லூயிஸ் வலன்டைன் என்னும் மூவர் அங்குக் குவித்திருந்த மரங்களுக்கும் கொட்டகைகளுக்கும் தீயிட்டனர். நேரே பொலிஸ் நிலையம் சென்று தாமே செய்ததாகக் கூறினர். ஒருவர் பல்கலைக்கழக விரிவுரையாளர், ஒருவர் பள்ளியாசிரியர், ஒருவர் சமயகுரு. கனாவனில் வழக்கை விசாரித்த யூரர்கள் முடிவொன்றிற்கு வந்திலர். வழக்கு இலண்டனுக்கு மாற்றப்பட்டது. 1937 சனவரியில் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. தீயிட்டமையை ஒறுப்போரும் உளர். மூவரும் ஒளியாது நின்றமையை ஒருவரும் ஒறுத்திலர். அச்சோண்டர்ஸ் லூயிஸே 1962 பெப்ரவரியில் மொழியின் கதி பற்றி வானொலியிற் சொற்பொழிவாற்றினார். அதன் பயனாய் எழுந்த இயக்கமே பின்னர் வந்த மொழிச் சட்டங்களுக்கு வித்தாயிற்று.

மற்றொருவர் ஆர். எஸ். தொமஸ். 1967 முதல் 1978 வரை அபர்தாரனின் பங்குக் குருவாய் இருந்தவர்; இருபதாம் நூற்றாண்டின் சிறந்த கவிஞருள் ஒருவர். வேல்ஸ் மொழிக்காக அஞ்சாது வாதிட்ட இவர், ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்தவர். முப்பது வயதளவில் வேல்ஸ் மொழியைக் கற்றார். தம் வரலாற்றை அம்மொழியில் 'எவருமல்லர்' என்னும் பொருள்படும் தலைப்பில் எழுதி 1985இல் வெளியிட்டார். ஆயின் கவிதை மட்டும் அவருக்கு ஆங்கிலத்திலேயே வந்தது. கற்ற மொழியில் உரைநடை எழுதலாம்; கவிதைக்கு முலைப்பாலோடு உண்ட மொழியே வேண்டும் என அவர் தம் வாழ்நாளெல்லாம் வருந்தினார். தாய்மொழியை ஒரு தலைமுறை கைவிடின் அடுத்த தலைமுறை இழப்பது யாது என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

அபர்தாரனை இன்று வருத்தும் இடர் குண்டுமன்று, கடலுமன்று, வீட்டு விலை. கடற்காட்சி நாடி நகரத்துச் செல்வர் ஆண்டிற் சில கிழமைகள் தங்குதற்கென வீடுகளை வாங்குகின்றனர். அவர்தரும் விலையை ஊரில் உழைக்கும் இளைஞர் தரவியலாது. ஆதலின் மணமானதும் பிற ஊர் செல்கின்றனர். வேனிலில் விளக்கெரியும் வீடுகள் மாரியில் இருண்டு கிடக்கின்றன. இருண்ட வீட்டிலிருந்து பள்ளிக்குப் பிள்ளை செல்வதில்லை. விருந்தினரை வெறுத்தல் ஆகாது. அவரின்றி ஊரார்க்குச் சோறில்லை. பண்டைய யாத்திரிகரும் அயலாரே. ஆயினும் அவர்கள் உண்டு, காற்றுத் தணிந்ததும் படகேறினர். வீட்டைத் திறப்பிட்டுப் பூட்டிச் செல்லவில்லை.

வீட்டோடு பெயரும் மாறுகின்றது. கால்பட்டால் கீச்சென ஒலிக்கும் மணலையுடைய போர்தோர் என்னும் கரை, ஆங்கிலத்தில் 'சீழ்க்கை மணல்' ஆயிற்று. கப்பல்கள் பல உடைந்த போர்த் நைகூல் என்னும் குடா 'நரகவாய்' ஆயிற்று. பெயர் மாறினால் கேடு யாது என வினவுவோர் உளர். பழைய பெயரில் ஊரின் ஆறும் அடியாரும் உடையாரும் இருந்தனர். புதிய பெயரில் வந்து பார்ப்போரின் வியப்பு மட்டுமே உளது.

ஆட்சியாளர் வாளாவிருந்திலர். இரண்டாம் வீடுகளுக்கு மேலதிக வரி விதிக்க வேல்ஸ் அரசு உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. 2023 ஏப்ரில் முதல் குவினெத் மன்றம் வழமையான வரிக்குமேல் நூற்றுக்கு 150 கூட்டி அறவிடலாயிற்று. அம்மன்றம் தன் அலுவல்களை வேல்ஸ் மொழியிலேயே நடத்துவது. வரி மட்டும் மொழியைக் காக்குமா என்பது ஐயமே. வரியைச் செலுத்தவல்லார் செலுத்திவிட்டு வீட்டை வைத்திருப்பர்.

வேறொரு வழியும் அத்தீபகற்பத்திலேயே முயலப்பட்டுள்ளது. வடகரையில், செங்குத்தான மலைச்சரிவின் அடியில், நந்த் குர்தேர்ன் என்னும் ஊர் இருந்தது. கருங்கல் அகழ்வோர்க்காகக் கட்டிய இருவரிசை வீடுகளும் ஓர் ஆலயமும் அதன் உடைமை. அகழ்வு நின்றது; 1950களின் இறுதிக்குள் குடிகள் அனைவரும் நீங்கினர்; கூரைகள் சரிந்தன. அயலூரில் மருத்துவராயிருந்த கார்ல் குளவுஸ் முன்னின்று அமைத்த நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் 1978இல் அப்பாழூரை விலைக்கு வாங்கியது. ஊரவரும் தொண்டர்களும் சேர்ந்து கூரை வேய்ந்தனர். 1982இல் அங்கு வேல்ஸ் மொழி கற்பிக்கும் முதல் வகுப்பு நடைபெற்றது. அன்று முதல், வேல்ஸில் வந்து குடியேறியோரும், பாட்டன் பேசிய மொழியைத் தந்தையிடம் பெறாதோரும், வளர்ந்தபின் மாணவராய் அங்கு வந்து தங்கிக் கற்கின்றனர். வகுப்பு முடிந்தபின் அவர்கள் மாலையிற் கடற்கரைக்கு நடந்து செல்லும் வழியில், முன்னாளிற் கல்லேற்றிய இரும்புப் பொறிகள் துருவேறிக் கிடப்பதைக் காணலாம்.